குறைமாதப் பிரசவம்: எதனால் வருகிறது, கருத்தரிக்கும் முன்பே என்ன செய்யலாம்

“ஏழாம் மாசத்துப் பிள்ளை பிழைச்சுக்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது” என்று சொல்லும் பாட்டிமார் சிங்கப்பூரில் இன்னும் இருக்கிறார்கள். சொல்வது பாசத்தில்தான், ஆனால் கணக்கு தலைகீழ். வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். 30 வாரத்தில் பிறந்த பிள்ளையைவிட 34 வாரத்துப் பிள்ளைக்கு நுரையீரல், மூளை, பால் உறிஞ்சும் திறன் எல்லாமே தேறியிருக்கும். எட்டாம் மாதம் மட்டும் ஆகாத மாதம் என்று ஒன்று கிடையாது.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. குறைமாதப் பிரசவம் என்றாலே, வலி எடுத்தபின் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் பலர் நினைவுக்கு வருகிறது. வலி உண்மையிலேயே தொடங்கிவிட்டால் மருந்தால் பிரசவத்தைத் தள்ளிப்போட முடிவது பெரும்பாலும் ஓரிரு நாள்தான். மாற்றக்கூடிய காரணங்களில் பல, கருத்தரிப்பதற்கு முந்தைய மாதங்களிலும் கர்ப்பத்தின் முதல் 24 வாரங்களிலும்தான் கைக்கு எட்டும். அந்தக் காலத்தில் செய்ய வேண்டியவையே இங்கே அதிகம் பேசப்படுகின்றன.

முதலில் வாரக் கணக்கு

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் முழுக் காலம் 280 நாள், அதாவது 40 வாரம். 37 வாரம் நிறைவதற்குள், அதாவது 259 நாளுக்குள் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. அதிலும் 32 வாரத்துக்கு முன் பிறப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல், 28 வாரத்துக்கு முன் பிறப்பவர்களுக்கு மிக அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020இல் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. ஏறத்தாழ பத்தில் ஒன்று.

“ஏழு முடிஞ்சு எட்டு நடக்குது” என்ற மாதக் கணக்கு உறவினரிடம் பேசப் போதும், மருத்துவத்துக்குப் போதாது. 33 வாரமா 35 வாரமா என்பதைப் பொறுத்து, குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி தேவையா இல்லையா என்ற முடிவே மாறும். அதனால் 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடக் கூடாது. குழந்தையின் நீளத்தை அளந்து தேதியைக் கணிப்பதில் ஒரு வாரத்துக்கு மேல் பிழை வருவது அரிது. அதே வேலையை 30 வாரத்தில் செய்தால் பிழை இரண்டு, மூன்று வாரம்வரை போகலாம். குழந்தை வேண்டும் என்று முடிவு செய்த மாதத்திலிருந்தே மாதவிலக்குத் தேதியைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். செலவில்லாத முதல் திட்டமிடல் அதுதான்.

மூன்று வழிகளில் நடக்கிறது

குறைமாதப் பிரசவம் ஒரே நோயல்ல. சிலருக்கு நேரத்துக்கு முன்பே வலி எடுத்துக் கருப்பை வாய் திறக்கிறது. சிலருக்கு வலியே இல்லாமல் பனிக்குடம் முதலில் உடைகிறது. இந்த இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு.

மீதி மூன்றில் ஒரு பங்கில் மருத்துவர்களே முன்கூட்டிப் பிரசவம் பார்க்கிறார்கள். தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் வெளியேறி, உயிருக்கே ஆபத்தாகும்போதோ, நச்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் குழந்தையின் வளர்ச்சி நின்றுபோகும்போதோ, குழந்தை உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது பாதுகாப்பு என்று முடிவெடுக்கிறார்கள். “டாக்டர் அவசரப்பட்டு அறுத்துட்டார்” என்ற பேச்சு இப்படிப்பட்ட பிரசவங்களைப் பற்றித்தான் எழும். பெரும்பாலும் அது நியாயமில்லாத பேச்சு.

வழி எது என்று தெரிந்துகொள்வது ஏன் முக்கியம்? தடுக்கும் முறை அதற்கேற்ப மாறுகிறது. ரத்த அழுத்தத்தால் வந்ததற்கு ஆஸ்பிரின் உதவும், கருப்பை வாய் திறக்காமலிருக்கப் போடும் தையல் உதவாது. கருப்பை வாய் குட்டையானதால் வந்ததற்கு நேர்மாறு.

முன்பு ஒருமுறை நடந்திருந்தால்

ஆபத்துக் காரணிகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று இது. முந்தைய குழந்தை தானாக வலி எடுத்துக் குறைமாதத்தில் பிறந்திருந்தால், அடுத்ததும் அப்படிப் பிறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. எவ்வளவு சீக்கிரம் பிறந்ததோ அவ்வளவுக்கு அந்த வாய்ப்பும் கூடும். 16 வாரத்துக்கு மேல் போய்க் கலைந்த கர்ப்பத்தையும் இதில் சேர்த்தே சொல்ல வேண்டும். அது வெறும் கருச்சிதைவு என்று பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. முதல் பிரசவம் மதுரையிலோ ஜொகூரிலோ நடந்திருக்கும், இரண்டாவதுக்குச் சிங்கப்பூரில் பதிவு செய்வார்கள். “முதல் பிள்ளை சீக்கிரம் பொறந்துருச்சு” என்ற ஒரு வரிதான் மருத்துவருக்குக் கிடைக்கும். அடுத்த கர்ப்பத்துக்கு முன் பழைய மருத்துவமனையிலிருந்து வெளியேற்ற அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் நான்கு செய்திகள் வேண்டும்: எத்தனை வாரம் எத்தனை நாளில் பிறந்தது, முதலில் நடந்தது வலியா, பனிக்குடம் உடைந்ததா, மருத்துவர் முடிவா, குழந்தையின் எடை எவ்வளவு, தொற்று ஏதும் இருந்ததா. நச்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த முடிவும். முந்தைய பிரசவம் சிசேரியன் என்றால், கருப்பை வாய் முழுதும் திறந்தபின் அறுத்தார்களா என்பதையும் கேளுங்கள். அந்த நிலையில் அறுக்கும்போது வெட்டு கருப்பை வாய்க்கு அருகில் விழலாம், அடுத்த முறை அந்த இடம் பலவீனமாக இருக்கலாம்.

கருப்பை வாயில் செய்த சிகிச்சையும் கணக்கில் வரும். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களுக்காகக் கருப்பை வாயில் சிறு பகுதியை வெட்டி எடுத்திருந்தால், எவ்வளவு ஆழமாக எடுத்தார்களோ அதற்கேற்ப ஆபத்து கூடும். அதற்காகத் தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. உயர்நிலைப்பள்ளியில் மகள், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்டுக்கொள்வது, பின்னாளில் இந்தச் சிகிச்சையே தேவைப்படாமல் செய்யலாம்.

இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி

கருப்பையின் வடிவத்தை மாற்ற முடியாது, வயதைக் குறைக்க முடியாது. கணவன் மனைவி முடிவிலேயே பெரும்பாலும் அடங்கும் காரணி இந்த இடைவெளிதான். இதைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே ஆறு மாதம்கூட இல்லையென்றால் குறைமாத ஆபத்து கூடுகிறது. 2006இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பெரிய அலசல், 18 முதல் 23 மாத இடைவெளியோடு ஒப்பிட்டால் இது சுமார் 40 விழுக்காடு கூடுதல் என்று காட்டியது. 40 விழுக்காடு என்றதும் பதற வேண்டாம். நூறு பேரில் ஏழு பேருக்கு நடப்பது பத்துப் பேருக்கு நடக்கும் என்பதே அதன் பொருள். அதே பெண்ணின் இரண்டு கர்ப்பங்களை ஒப்பிட்ட பிந்தைய ஆய்வுகளில் இந்த வித்தியாசம் இன்னும் சிறிதாகத் தெரிந்தது. ஆனாலும் திசை ஒன்றுதான்: ஆறு மாதத்துக்குள் வேண்டாம்.

காரணம் என்ன? கர்ப்பமும் பாலூட்டலும் இரும்புச் சத்தையும் ஃபோலேட்டையும் கரைத்துவிடுகின்றன. கருப்பையின் உட்சுவரும் சிசேரியன் வெட்டும் ஆற நாளாகும். தூக்கமில்லாத தாய் தன் சர்க்கரையையும் எடையையும் கவனிக்க நேரமிருக்காது.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது, பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே 24 மாதம். 28 வயதுக்காரருக்கு அது வசதியான அறிவுரை. 37 வயதில் முதல் பிள்ளை பெற்றவருக்கு இரண்டு ஆண்டு காத்திருப்பது வேறொரு விலை கேட்கும், ஏனென்றால் கருத்தரிக்கும் வாய்ப்பே குறையத் தொடங்கியிருக்கும். இங்கே பலர் முப்பதைத் தாண்டித்தான் தலைப்பிள்ளை பெறுகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஓராண்டு, முடிந்தால் ஒன்றரை ஆண்டு என்பது நியாயமான சமரசம். சிசேரியன் ஆனவர்கள் அடுத்தது சுகப்பிரசவமாக வேண்டும் என்று நினைத்தால் ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தத் திட்டம் உடைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: “பால் கொடுக்கிறேன், மாதவிலக்கு இன்னும் வரவில்லை, அதனால் கரு தங்காது.” இது பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல் இருக்க வேண்டும், தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்காமல் இரவும் பகலும் ஊட்ட வேண்டும், மாதவிலக்கு ஒருமுறைகூட வந்திருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்தால் நூற்றுக்கு 98 பேருக்குப் பாதுகாப்பு. நான்காம் மாதம் வேலைக்குத் திரும்பி, பகலில் மாவுப்பால் கொடுக்கத் தொடங்கினால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. முதல் மாதவிலக்குக்கு முன்பே சினைமுட்டை வெளிவரும் என்பதை மறந்து, “மாதவிலக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்” என்று இருப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பாலூட்டாதவர்களுக்கு மூன்றாம் வார முடிவிலிருந்தே கருத்தடை தேவை.

காப்பர் டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் அல்லது நான்கு வாரம் கழித்துப் பொருத்தலாம். தோலுக்கடியில் வைக்கும் குச்சி மூன்று ஆண்டு வேலை செய்யும். இரண்டையும் எடுத்த உடனே கருத்தரிக்கும் திறன் திரும்பும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி அப்படியல்ல. நிறுத்தியபின் சினைமுட்டை திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், ஓராண்டில் அடுத்த பிள்ளை வேண்டும் என்பவருக்கு அது சரிவராது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை முதல் ஆறு வாரத்துக்கு வேண்டவே வேண்டாம், பாலூட்டும்போது ஆறு மாதம்வரை வேறு முறையே மேல். எது வேண்டும் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே, 36ஆம் வார வருகையிலேயே பேசி முடிவெடுப்பது நல்லது. கைக்குழந்தையோடு அதற்கென்று இன்னொரு நாள் கிடைக்காது.

கருத்தரிப்பதற்கு மூன்று முதல் ஆறு மாதம் முன்

பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) குடும்ப மருத்துவரிடமோ “பிள்ளை பெற்றுக்கொள்ளத் திட்டமிடுகிறோம்” என்று சொல்லி ஒருமுறை உடம்பைக் காட்டுங்கள். ரத்த அழுத்தம், எடை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, ரத்த எண்ணிக்கை, தைராய்டு, ரூபெல்லா எதிர்ப்பு ஆகியவை அடிப்படை. பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவின் மரபணு சிங்கப்பூரில் எல்லா இனத்தவரிடமும் உள்ளதால் அதையும் பார்த்துவிடலாம், முடிந்தால் கணவருக்கும். ரூபெல்லா தடுப்பூசி போட வேண்டியிருந்தால், போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. முன்கூட்டியே போக வேண்டும் என்பதற்கு அதுவே ஒரு காரணம்.

சர்க்கரைதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம். 2009இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘கஸ்டோ’ என்ற தாய் சேய் ஆய்வில் பங்கேற்ற கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. கர்ப்பத்துக்கு முன்பே நீரிழிவு இருந்தால் மூன்று மாதச் சராசரி 6.5 விழுக்காட்டுக்குக் கீழே வந்தபின் கருத்தரிப்பது குறிக்கோள். 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஒத்திப்போடச் சொல்வார்கள். காரணம், குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாவது முதல் எட்டு வாரத்தில். “கர்ப்பம் உறுதியானதும் கட்டுப்படுத்திக்கொள்கிறேன்” என்றால் அதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். முந்தைய கர்ப்பத்தில் சர்க்கரை வந்து பின்னர் போய்விட்டவர்களும் அடுத்ததற்கு முன் சோதித்துக்கொள்ள வேண்டும். அது போய்விட்டதா, ஒளிந்திருக்கிறதா என்பது ரத்தம் பார்க்காமல் தெரியாது.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். ‘பிரில்’ என்றோ ‘சார்டன்’ என்றோ முடிந்தால், எனாலாப்ரில், லோசார்டன் போல, அது கர்ப்பத்துக்கு ஆகாது. தானாக நிறுத்தாமல், கருத்தரிக்கும் முன் மாற்று மருந்து கேளுங்கள். வலிப்புக்கான வால்ப்ரோயேட், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் இரண்டும் இதே வரிசை, இன்னும் கடுமையானவை.

எடையில் இரு முனையும் சிக்கல். சிங்கப்பூரில் ஆசியர்களுக்கான உடல்நிறைக் குறியீட்டில் 18.5 முதல் 22.9 வரை நல்ல அளவு, 27.5க்கு மேல் போனால் ஆபத்து அதிகம். 155 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அந்த நல்ல அளவு 44.5 முதல் 55 கிலோ. 66 கிலோவைத் தாண்டினால் உயர் ஆபத்து. பருமனால் ரத்த அழுத்தமும் நீரிழிவும் வந்து, மருத்துவரே முன்கூட்டிப் பிரசவம் பார்க்கும் நிலை உருவாகலாம். மெலிந்த பெண்களுக்கோ தானாக வலி எடுக்கும் வாய்ப்பு கூடுகிறது. “ஒல்லியா இருந்தா சுகப்பிரசவம்” என்று மெச்சும் அத்தைகள் இதைக் கேட்டுவைப்பது நல்லது.

ஃபோலிக் அமிலம் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து நாளுக்கு 400 மைக்ரோகிராம். இது முதன்மையாக முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுப்பதற்கு. குறைமாதத்தைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது. ஊரிலிருந்து கொண்டுவரும் அட்டையில் 5 மில்லிகிராம் என்று இருந்தால் அது பன்னிரண்டு மடங்குக்கும் மேல். நீரிழிவு, வலிப்பு மருந்து போன்ற காரணம் இருந்தால்தான் அந்த அளவு. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பி12 அளவையும் பாருங்கள். ஃபோலிக் அமிலத்தை மட்டும் கூட்டினால் ரத்தம் சரியாகத் தெரியும், பி12 குறைவால் வரும் நரம்புப் பாதிப்பு மறைந்தே வளரும்.

ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை எடுத்தும் ஏறவில்லை என்பார்கள். என்ன வேளையில் எடுக்கிறீர்கள் என்று கேட்டால், காலை தேநீரோடு. தேநீரும் காப்பியும் இரும்பை உடம்பில் சேர விடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட்டு, எலுமிச்சைச் சாறோடு எடுங்கள்.

புகை பற்றி நீட்ட வேண்டியதில்லை: கருத்தரிக்கும் முன் விடுவது எல்லாவற்றிலும் அதிகப் பலன் தரும் மாற்றங்களில் ஒன்று. மின்சிகரெட் பாதுகாப்பான மாற்று அல்ல, இங்கே அதை வைத்திருப்பதே குற்றம். நம் வீடுகளில் புகைப்பது பெரும்பாலும் கணவர். வீவக (அரசு வீட்டு வசதிக் கழகம்) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் புகைக்கத் தடை இருப்பதால் படுக்கையறைச் சன்னலோரம் நின்று ஊதுவது பழக்கமாகிவிட்டது. அந்தப் புகை மனைவியின் மூச்சில்தான் சேரும்.

இரட்டைக் குழந்தை ஆசை

இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறக்கிறார்கள். செயற்கைக் கருத்தரிப்பில் “ஒரே செலவில் இரண்டு” என்று இரு கருக்களை வைக்கச் சொல்லும் தம்பதிகள் உண்டு. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டியில் வாரக்கணக்கில் கிடக்கும் இரு பிள்ளைகளின் செலவையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைப் போட வேண்டும். ஒரு கருவை வைத்து, மிச்சத்தை உறைய வைத்துப் பின்னர் பயன்படுத்துவதே பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு.

கருத்தரித்தபின் 24 வாரம் வரை

முதல் வருகையில் சிறுநீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுங்கள். கர்ப்பிணிகளில் சிலருக்கு எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். விட்டுவிட்டால் சிறுநீரகம்வரை ஏறி, அந்தக் காய்ச்சலே வலியைத் தூண்டலாம். மருந்து தந்தால் முழுதாக முடித்து, மறுபடி ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பிரின் பற்றிய பேச்சு 16 வாரத்துக்கு முன் நடக்க வேண்டும். முன்பு கர்ப்பகால ரத்த அழுத்தம் வந்தவர்கள், நீரிழிவு, சிறுநீரக நோய், லூப்பஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் மருத்துவரிடம் தாங்களே கேளுங்கள். 2017இல் வெளியான ‘ஆஸ்ப்ரே’ ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம்வரை இரவுதோறும் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன் பிரசவத்துக்குக் காரணமாகும் ரத்த அழுத்த நோய் நூற்றுக்கு 4.3 என்பதிலிருந்து 1.6ஆகக் குறைந்தது. 20 வாரத்தில் தொடங்கினால் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது, ஏனென்றால் நச்சுக்கொடியின் ரத்தக்குழாய்கள் வேரூன்றும் காலம் அதற்குள் கடந்துவிடும். மருந்தகத்தில் வாங்கித் தானாகச் சாப்பிடும் பொருளும் அல்ல இது.

அடுத்தது கருப்பை வாயின் நீளம். 18 முதல் 22 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் எடுக்கும்போதே இதையும் அளக்கலாம். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது துல்லியமில்லை, மெல்லிய கருவியைப் பிறப்புறுப்பு வழியாக வைத்து அளக்க வேண்டும். குழந்தைக்கு அதனால் எந்தக் கெடுதியும் இல்லை. அளப்பதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பை வாயை அழுத்தி நீளமாகக் காட்டும், குட்டையாக இருப்பது தெரியாமல் போகும். வழக்கமான நீளம் 35, 40 மில்லிமீட்டர். 25க்குக் குறைந்தால் குட்டை.

குட்டை என்று தெரிந்தால் இரவுதோறும் 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் மாத்திரையைப் பிறப்புறுப்பில் வைக்கச் சொல்வார்கள், ஏறத்தாழ 34, 36 வாரம்வரை. வெள்ளையாக வழிவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்கள் உண்டு. அது மாத்திரையின் உறை கரைந்து வருவது. முன்பும் குறைமாதப் பிரசவம் ஆகி, இப்போதும் வாய் குட்டையாக இருந்தால் தையல் போடலாம். முன்பு பலமுறை கர்ப்பத்தின் நடு மாதங்களில் கருவை இழந்தவர்களுக்கு, குட்டையாகும்வரை காத்திராமல் 12 முதல் 14 வாரத்திலேயே போடுவார்கள். 36, 37 வாரத்தில் தையலைப் பிரிப்பார்கள். இதே நோக்கத்துக்காக முன்பு வாரந்தோறும் போடப்பட்ட ஒருவகைப் புரோஜெஸ்டிரோன் ஊசி, பலன் உறுதியாகாததால் 2023இல் அமெரிக்காவில் அனுமதி இழந்தது. பழைய இணையப் பக்கங்களில் இன்னும் அதைப் பரிந்துரைப்பதைக் காணலாம்.

உதவாதவற்றையும் சொல்லிவிடலாம். மாதக்கணக்கில் படுத்தே கிடப்பது குறைமாதத்தைத் தடுக்காது. காலில் ரத்தம் உறையும், தசை தளரும், மனம் சோரும். அளவாகச் சாப்பிடும் பழுத்த பப்பாளியோ அன்னாசித் துண்டோ பிரசவ வலியைத் தூண்டாது. ஈறு வீக்கத்துக்கும் குறைமாதத்துக்கும் தொடர்பு தெரிகிறது, ஆனால் கர்ப்பத்தின்போது ஈறைச் சுத்தம் செய்தவர்களுக்கு அந்த ஆபத்து குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. எனவே பல் மருத்துவரிடம் கருத்தரிக்கும் முன்பே போய்விடுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் குறைமாதத்தில் பெற்றவர்கள் ஏராளம். தானாக வலி எடுத்த பலரிடம் இங்கே சொன்ன எந்தக் காரணியும் இருக்காது. திட்டமிடல் வாய்ப்பைக் குறைக்கும், உத்தரவாதம் தராது. “நீ மாடிப்படி ஏறினதாலதான்” என்று யாராவது தாயைக் குற்றம் சொன்னால் அதற்கு மருத்துவ அடிப்படை எதுவுமில்லை.

வலி எடுத்தால்

வலி வந்ததும் சீரகத்தை வறுத்துக் கொதிக்க வைத்துக் குடிக்கக் கொடுத்து, அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் பிரசவ வலி என்று பார்ப்பது நம் வீட்டு வழக்கம். 39 வாரத்தில் அதில் பெரிய தீங்கில்லை. 30 வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம் விலைமதிப்பற்றது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அல்லது அதற்கும் நெருக்கமாக வயிறு கல்லாக இறுகுவது, விட்டுவிட்டு வரும் இடுப்பு வலி, கீழே அழுத்துவது போன்ற உணர்வு, ரத்தம், நீர்க்கசிவு இவற்றில் எது வந்தாலும் பலதுறை மருந்தகத்துக்கு அல்ல, பிரசவப் பிரிவுள்ள மருத்துவமனைக்கே போங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு. பெருக்கெடுத்து ரத்தம் போனால் 995. நீர் கசிந்தால் அணையாடை வைத்து, நேரத்தையும் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்தாலும் சரி.

அங்கே வலியைத் தளர்த்தும் மருந்து கொடுத்து 48 மணி நேரம் தள்ளிப்போட முயல்வார்கள். அந்த அவகாசத்தில் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் வேகமாகப் பக்குவப்படும். இந்த ஊசி முழுப் பலன் தருவது போட்ட ஒரு நாளிலிருந்து ஏழு நாளுக்குள். 32 வாரத்துக்கு முந்தைய பிரசவம் நெருங்கினால் குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட்டும் ஏற்றுவார்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால்தான் இவை எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும்.

தனியார் மருத்துவமனையில் பதிவு செய்பவர்கள் முன்கூட்டியே ஒரு கேள்வி கேட்டுவையுங்கள்: “எத்தனை வாரத்துக் குழந்தைவரை இங்கேயே வைத்துப் பார்ப்பீர்கள்?” பிறந்தபின் இடம் மாற்றுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே சரியான இடத்துக்குப் போவது குழந்தைக்கு நல்லது. சார்ந்திருப்போர் அட்டையில் (வேலை அனுமதி பெற்றவரின் குடும்பத்தாருக்கான அட்டை) இருக்கும் குடும்பங்களுக்கு அரசு மானியம் கிடைக்காது, தீவிர சிகிச்சைப் பிரிவின் செலவு நாள்கணக்கில் ஏறும். பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்குப் பொருந்துமா என்று நிறுவனக் காப்புறுதியைக் கருத்தரிக்கும் முன் படித்துப் பாருங்கள்.

பேறுகாலத்துக்கு ஊருக்குப் போவதானால்

வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்குப் போவது ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ. பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்கு மேல் மருத்துவர் கடிதம் கேட்கின்றன, ஒற்றைக் குழந்தையென்றால் 36 வாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. இரட்டை என்றால் வரம்பு இன்னும் முன்பே. முன்பு குறைமாதத்தில் பெற்றவர்களும் கருப்பை வாய் குட்டையானவர்களும் போகாமலிருப்பதே நல்லது, வளைகாப்பைச் சிங்கப்பூரிலேயே நடத்தலாம், அம்மாவை இங்கே வரவழைக்கலாம். மற்றவர்கள் போவதாக இருந்தால் கருப்பை வாய் அளவு பார்த்தபின், 28 வாரத்துக்கு முன் போங்கள். கைப்பையில் ஸ்கேன் அறிக்கைகள், ரத்தப் பிரிவு, மாத்திரைப் பட்டியல் மூன்றின் அச்சுப்படியும் இருக்க வேண்டும். போய்ச் சேரும் ஊரில் குறைமாதக் குழந்தையைப் பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு எந்த மருத்துவமனையில் உள்ளது, வீட்டிலிருந்து அங்கே போக இரவு நேரத்தில் எவ்வளவு ஆகும் என்பதை டிக்கெட் எடுக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால், கடைசி மாதங்களில் அந்த மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் தங்குவது மேல்.